பெயரும் கையும்

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஆகுபெயர் கற்பித்துக்கொண்டிருந்தேன். செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருவது கருத்தாவாகுபெயர் என்று கூறி, "திருவள்ளுவர் படித்தேன்" என்னும் வழக்கமான உதாரணத்தையும் காட்டினேன். பின்னர், நூல்களில் இல்லாத உதாரணம் ஒன்றைத் தாமாகவே சொல்லும்படி மாணவரைக் கேட்டேன். சற்றுநேரம் வகுப்பு அமைதியாயிருந்தது. கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கட அப்பப்பா ஒஸ்டின் வைச்சிருந்தவராம். அதுவும் கருத்தாவாகுபெயர்தானே?" என்றான்.

நான் மகிழ்ந்துபோனேன். ஒஸ்டின் என்பது ஒரு மனிதரின் பெயர். ஹேர்பர்ட் ஒஸ்டின் என்பவர் 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரையடுத்த லோங்பிரிட்ஜில் நிறுவிய தொழிற்சாலையிற் பிறந்த கார்களுக்கு அவர் பெயரே ஆகிவந்தது. மொரிஸ், போர்ட், ஹோல்டன் என்பனவும் இத்தகையனவே. இவ்வாறு நான் விரித்துரைத்துக்கொண்டிருக்கையில், அதே மாணவன் மீண்டும் எழுந்தான். "அந்தக் கொம்பனி இப்ப இல்லையே ஐயா? கருத்தாவே இல்லாட்டி அந்தப் பேர் ஆரைக் குறிக்கும்?"

நன்னூலையும் அதற்கு நாவலர் பெருமான் செய்த காண்டிகையுரையையும் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்துவருகின்ற எனக்கு இவ்வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. மணி அடித்தது, வகுப்புக் கலைந்தது. ஆயினும் வினா என்னை விட்டு அகலவில்லை. அது இலக்கண வினா மாத்திரமன்று என்பதும், எங்கள் நாட்டிலும் பிற நாடுகளிலும் பலர் விடை தேடிக்கொண்டிருக்கும் வாழ்க்கை வினா என்பதும் பின்னரே எனக்கு விளங்கின. அதனையே இக்கிழமை அன்பர்களோடு ஆராய விழைகின்றேன்.

முதலில் எங்கள் வயலிலிருந்தே தொடங்குவோம். அக்கராயன் குளத்து நீர் பாயும் வயல்களில் உழவுக் காலத்தில் நின்று கேட்பீர்களாயின், "லான்ட்மாஸ்டர் வந்ததோ?" என்னும் கேள்வியைப் பலமுறை கேட்கலாம். இருசில்லு உழவியந்திரம் எதுவாயினும் எங்கள் மக்கள் அதனை லான்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். யப்பானிற் செய்யப்பட்டதாயினும் சீனத்திற் செய்யப்பட்டதாயினும் பெயர் அதுவே. உண்மையில் லான்ட்மாஸ்டர் என்பது முன்னாளில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த இயந்திரம் ஒன்றின் பெயர். அந்த இயந்திரத்தை இன்று எங்கள் வயல்களிற் காண்பது அரிது. பொருள் போயிற்று, பெயர் வேறு பொருளின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. காரணத்தோடு வந்த பெயர் காரணம் மறைந்தபின் இடுகுறிபோல நின்றுவிடுவதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

உழவர் இப்பெயரை வழங்குவதால் எவர்க்கும் தீங்கில்லை. இயந்திரத்தை வாங்கும்போது அவர் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை. சேற்றில் இறக்கிப் பார்த்தே வாங்குகிறார். ஆனால், காரணம் மறைந்த பெயரின்மேல் மனிதர் தம் அன்பையும் பணத்தையும் மானத்தையும் வைக்கும்போது நிலைமை வேறாகின்றது.

எங்களவர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் மெல்பேணில் இருந்து விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, அந்நாட்டில் நெடுங்காலம் குடும்பங்கள் போர்ட் குடும்பம் என்றும் ஹோல்டன் குடும்பம் என்றும் பிரிந்திருந்த கதையை எனக்குக் கூறினார். தந்தை ஹோல்டன் ஓட்டினால் மகனும் ஹோல்டனே ஓட்டுவான். பத்தேர்ஸ்ட் நகரின் பனோரமா மலையில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டப் போட்டியன்று இவ்விரு கட்சியாரும் குன்றின் சரிவில் வெவ்வேறு கொடிகளோடு கூடுவர். எங்கள் ஊர்களிற் பெரிய பாடசாலைகளின் துடுப்பாட்டப் போட்டியன்று காணும் ஆரவாரத்தை நினைத்துக்கொண்டால் அன்பர்கட்கு இது எளிதில் விளங்கும்.

இந்தப் பற்று வெறும் விளம்பரத்தால் விளைந்ததன்று. ஹோல்டன் 1856இல் அடிலெயிட் நகரிற் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அப்பெயர் தாங்கிய முதற் கார் வெளிவந்தபோது நாட்டின் பிரதமர் பென் சிவ்லி அதனருகே நின்றார். போர்ட் கொம்பனியும் ஜீலோங் நகரில் 1925 முதலே தொழில் நடத்திற்று. அதன் பால்கன் என்னும் கார் 1960 முதல் அந்நாட்டிற் செய்யப்பட்டது. இவ்விரு கொம்பனிகளின் உடைமையும் அமெரிக்காவுக்குரியது. ஆயினும் கார்களைச் செய்த கைகள் அயல்வீட்டாரின் கைகளாயிருந்தன. ஆகவே மக்கள் அவற்றைத் தம்முடையனவென்றே கொண்டனர்.

அந்தக் காலம் முடிந்தது. வெளிநாட்டுக் கார்கள்மீது விதிக்கப்பட்ட தீர்வை படிப்படியாகக் குறைந்து 2010இல் நூற்றுக்கு ஐந்தாயிற்று. அவுஸ்திரேலிய நாணயத்தின் பெறுமதி உயர்ந்தமையால் ஏற்றுமதி கடினமாயிற்று. சிறிய சந்தையிற் பல கொம்பனிகள் போட்டியிட்டன. அரசாங்கத்தின் உதவிப்பணமும் மேலும் நீடிக்கவில்லை. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் போர்ட் தொழிற்சாலையும், 2017 ஒக்டோபர் 3ஆம் நாள் டொயோட்டா தொழிற்சாலையும், அதே மாதம் 20ஆம் நாள் எலிசபெத் என்னுமிடத்திலிருந்த ஹோல்டன் தொழிற்சாலையும் மூடப்பட்டன. அன்றிலிருந்து அந்தப் பெரிய நாட்டில் மக்கள் வாங்கும் கார்கள் பெருந்தொகையாக வெளிநாட்டில் உருவாகிக் கப்பலில் வந்திறங்குகின்றன.

இனித்தான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி வருகின்றது. தொழிற்சாலையை மூடிய பின்னரும் ஹோல்டன் கொம்பனியார் பெயரைக் கைவிடவில்லை. ஜேர்மனியிற் செய்யப்பட்ட ஓப்பல் கார் ஒன்றை 2018இல் இறக்குமதி செய்து, மக்கள் நாற்பது ஆண்டுகளாகப் போற்றிய கொமடோர் என்னும் பெயரை அதற்குச் சூட்டினர். மக்கள் அதனை ஏற்கவில்லை. 2020ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹோல்டன் என்னும் பெயரையே விலக்கிவிடுவதாக அறிவிக்கப்பட்டது. அப்புதிய காரிற் பழைய பெரிய இயந்திரம் இல்லாமையும், மக்களின் விருப்பம் உயரமான வண்டிகள்பாற் சென்றமையும் அவ்வீழ்ச்சிக்குக் காரணங்களே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1978இல் வெளிவந்த முதற் கொமடோரும் ஓப்பல் காரின் அமைப்பைத் தழுவியே ஆக்கப்பட்டது. அன்றும் மூல வரைபடம் ஜேர்மனியிலிருந்து வந்தது. 2018இலும் அங்கிருந்தே வந்தது. முன்னையதை உள்ளூர்க் கைகள் செய்தன, பின்னையதைச் செய்யவில்லை. தாங்கள் அன்பு வைத்தது பெயரின்மேல் என்றே அம்மக்கள் எண்ணியிருந்தனர். கை மாறியபோதுதான் அவ்வன்பின் ஒரு பெரும்பகுதி கையின்மேல் இருந்ததென்பது வெளிப்பட்டது.

போர்ட் கட்சியார்க்கு வேறோர் ஆறுதல் கிடைத்தது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு அறிமுகமான மஸ்டாங் என்னும் கார், வலப்பக்கச் சுக்கானோடு ஆலையிலேயே ஆக்கப்பட்டு 2015ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்திறங்கலாயிற்று. சாதாரணக் கார் உடலில் எட்டுச் சிலிண்டர் கொண்ட பேரியந்திரத்தைப் பொருத்தி, வேகத்தையும் முழக்கத்தையுமே பெருமையாகக் கொண்ட இவ்வகை வண்டிகளை அமெரிக்கர் மசில் கார் என்பர். தசை திரண்ட மல்லனை நினைந்து இட்ட பெயர்போலும். பால்கன் மறைந்த துயரை மஸ்டாங் வாங்கித் தீர்த்துக்கொண்டோர் பலர். ஹோல்டன் கட்சியார்க்கும் அதுபோல் ஒன்று வேண்டியிருந்தது. கமாரோ என்னும் அமெரிக்க வண்டியை இறக்குமதி செய்து, சுக்கானை வலப்பக்கத்துக்கு மாற்றி, 2018 முதல் 2020 வரை சிறுதொகையாக விற்றனர். 2023இல் பத்தேர்ஸ்ட் மலையில் அப்போட்டியில் ஓடியவை மஸ்டாங் உருவும் கமாரோ உருவும் தாங்கிய ஓட்டப் போட்டி வண்டிகளே. அவ்வாண்டில் அந்நாட்டின் கடைகளிற் புதிய கமாரோவை வாங்க இயலாது என்பதே இதில் வியப்பு. தம் நாட்டில் விற்கப்படாத வண்டி ஒன்றின் உருவுக்காக மக்கள் கொடி பிடித்தனர்.

இதனைக் கேட்டு நான் நகைக்கவில்லை. பற்று என்பது கொழுகொம்பு முறிந்த கொடி போன்றது. அருகில் எது கிடைக்கின்றதோ அதனைப் பற்றிப் படரவே முயலும். கொடியை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால், கொழுகொம்பு எதுவாயிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

தமிழகத்திலும் இதனையொத்த கதை ஒன்று நிகழ்ந்தது. சென்னைக்குத் தெற்கே மறைமலைநகர் என்றோர் ஊர் உண்டு. வேதாசலம் என்னும் தம் பெயரையே தனித்தமிழாக்கி மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகளாரின் நினைவாக அமைந்த பெயர் அது. பெயரின் ஆற்றலை அவரினும் மிகுதியாக நம்பிய தமிழறிஞர் சிலரே. அவ்வூரிலேதான் போர்ட் கொம்பனியின் இந்தியத் தொழிற்சாலை 1990களில் எழுந்தது. பத்தாண்டுகளில் இருநூறு கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்ததாகக் கூறி, 2021 செப்டெம்பர் 9ஆம் நாள் இந்தியாவிற் கார் செய்வதை நிறுத்தப்போவதாகக் கொம்பனியார் அறிவித்தனர். ஏறத்தாழ நாலாயிரம் தொழிலாளர்க்கு வேலை போகும் நிலை உண்டாயிற்று. அதே அறிவித்தலில், மஸ்டாங் போன்ற புகழ்பெற்ற வண்டிகளை இறக்குமதி செய்து விற்கும் எண்ணம் உண்டென்றும் கூறப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மறைமலைநகரிற் கடைசிக் கார் வெளிவந்தது. தொழிலாளி வீடு செல்கிறான். பெயர் கடைத்தெருவில் இருக்கிறது என்பதே அவ்வறிவித்தலின் சாரம். பின்னர் 2025இல் அவ்வாலையில் எஞ்சின் செய்வதற்குத் தமிழக அரசோடு உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டிருப்பது நன்று. கைகளுக்கு மீண்டும் வேலை கிடைக்குமாயின் அதனினும் மகிழ்ச்சி வேறில்லை.

பெயர் கையிலிருந்து எவ்வளவு தூரம் பிரிந்துசெல்ல வல்லது என்பதற்கு இன்னும் இரண்டு சான்றுகள் கூறுவேன். மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்னும் ஆங்கிலக் காரின் வழிவந்த அம்பாசடர், வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை செய்யப்பட்டது. ஆலை ஓய்ந்த மூன்றாண்டுகளில், 2017இல், அம்பாசடர் என்னும் பெயர் மாத்திரம் 80 கோடி இந்திய ரூபாவுக்குப் பிரான்சு நாட்டுப் பேஜோ கொம்பனிக்கு விற்கப்பட்டது. மற்றொன்று எம்.ஜி. என்னும் பெயர். 'மொரிஸ் கராச்' என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களே அவை. அதனை வைத்திருந்த ஆங்கிலக் கொம்பனி 2005இல் வீழ்ந்தபின், அப்பெயர் சீனக் கொம்பனி ஒன்றின் உடைமையாகி, இன்று அக்கொம்பனியின் கார்களின் முகப்பில் மின்னுகின்றது. அக்கார்கள் நல்லனவாகவே இருக்கலாம். அதுபற்றி எனக்கு வழக்கில்லை. மொரிஸ் என்ற மனிதர்க்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு இரண்டு எழுத்துக்கள் மாத்திரமே என்பதையே குறிப்பிடுகின்றேன்.

இனி, அம்மாணவனின் அப்பப்பா வைத்திருந்த ஒஸ்டினுக்கு வருவோம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர் என்னும் இரண்டையும் அறியாத முதியவர் இல்லை. மொரிஸ் மைனர் 1948 முதல் 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேற் செய்யப்பட்டது. ஏ-40 சமசெற் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. ஆலைகள் அவற்றைக் கைவிட்டு ஒரு தலைமுறை கழிந்த பின்னரும் அவை எங்கள் தெருக்களில் ஓடின. கலியாணத்துக்கும் அவையே, பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியசாலை செல்வதற்கும் அவையே.

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருட்தடையின்போது பெற்றோல், மின்கலம், உதிரிப்பாகம், இரும்பு என்பன வன்னிக்கு வருவது அரிதாயிற்று. அப்போது நான் இளைஞன். அக்காலத்தில் அக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நான் கண்ணாற் கண்டேன். அவற்றில் ஏறியும் சென்றேன். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்குவர். அது நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை கிளம்பும், கண் எரியும், ஆயினும் வண்டி ஓடும். பழைய இயந்திரங்களில் எரிவாயுவை நெருக்கும் அளவு ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றாகக் குறைந்திருந்தமையால் இது இயன்றது. நெருக்கம் மிகுந்த இக்கால இயந்திரமாயின் மண்ணெண்ணெயால் தட்டிக் கெட்டுவிடும்.

மண்ணெண்ணெய் ஓட்டத்தால் வந்த கேடுகளும் பல. முழுதும் எரியாத எண்ணெய் கசிந்து கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும், தீப்பொறி முனைகளிற் கரி படியும், வளையங்கள் தேயும். அவற்றை மாற்றப் புதிய பாகம் இல்லை. இந்த இடத்திலேதான் எங்கள் கராச்காரர்கள் ஒஸ்டினுக்கும் மொரிசுக்கும் தாமே கருத்தாக்களாயினர். ஒரு வண்டியின் இரும்பு மற்றொரு வண்டியின் தண்டாயிற்று. கடைசற்பட்டறையில் ஆணிகள் கடையப்பட்டன. தேய்ந்த டயர் அறுக்கப்பட்டு அதிர்வு தாங்கும் பட்டையாயிற்று. முறிந்த வில்லுத்தகட்டைக் கொல்லர் காய்ச்சித் தட்டி ஒட்டினார். பத்தாண்டு கழிந்தபின் அவ்வண்டியிற் பேர்மிங்காமிற் செய்யப்பட்டது எவ்வளவு, கிளிநொச்சியிற் செய்யப்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிய எவராலும் இயலாது.

எனக்குத் தெரிந்தவரை, ஒஸ்டின் சிறந்ததா மொரிஸ் சிறந்ததா என்று எங்கள் கராச்காரர் எவரும் வாதிட்டதில்லை. கொண்டுவந்தவரின் அவசரத்தையே அவர் பார்த்தார். அவர்க்கும் பற்று இருந்தது. ஆனால், அது முகப்பிலுள்ள பெயரோடு நின்றுவிடாமல் உள்ளேயுள்ள ஒவ்வோர் உறுப்பையும் அறிந்த பற்றாயிருந்தது.

அம்மாணவனின் அப்பப்பாவின் கார் இன்று இல்லை. 2009இல் மக்கள் வன்னியின் கிழக்குக் கரையிற் கைவிட்டுவந்த எண்ணிறந்த வாகனங்களோடு அதுவும் போயிற்று. புறப்படுமுன் அவனுடைய தந்தையார் முகப்பிலிருந்த பெயர்த்தகட்டை மாத்திரம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். அத்தகடு அவர்களின் புதிய வீட்டுச் சுவரிற் சுவாமிப் படங்களுக்குக் கீழே தொங்குவதை நானே சென்று கண்டேன். அதனை அசட்டுப் பெயர்ப்பற்று என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்க்குப் பெயர் ஒன்றாவது மிஞ்சியதே என்னும் ஆறுதலை நாம் மதிக்கவேண்டும்.

ஆனால், அன்று மாலை எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த ஒஸ்டினை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கராச்காரர் இன்றும் இருக்கிறார். எழுபதைக் கடந்துவிட்டார். தகரக் கொட்டகை ஒன்றில் லான்ட்மாஸ்டர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். முன்னர் அவரிடம் நான்கைந்து பையன்கள் தொழில் பழகினர்; இப்போது ஒருவருமில்லை. தகட்டை மூன்று தலைமுறை போற்றிவைத்திருக்கிறது. கையை எவர் போற்றிவைத்திருக்கிறார்?

இவ்விடத்தில் என் குற்றத்தையும் நான் ஒப்புக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பாடசாலை விட்டதும் அந்தக் கொட்டகைக்கே ஓடுவான். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே அதன் நோயைச் சொல்லுவான். அவனுடைய தாயார் என்னிடம் ஆலோசனை கேட்டபோது, "கையிற் கறை படாத உத்தியோகத்துக்குப் பிள்ளையை அனுப்புங்கள்" என்றேன். அவன் கலைப்பிரிவிற் படித்துப் பட்டமும் பெற்றான். பின்னர் நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தான். இன்று நல்ல நிலையிலேதான் இருக்கிறான். என்றாலும், அவன் காதில் இருந்த அந்த வித்தை எவர்க்கும் பயன்படாமற் போயிற்று. தொழிலை இகழ்ந்தது அம்மாணவன் அல்லன். அவனுடைய தமிழாசிரியனாகிய நானே.

இன்றைய இளைஞர் பலர் மஸ்டாங்கின் படத்தைக் கைபேசியிற் சேமித்துவைத்திருக்கின்றனர். முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் அதன் பாயும் குதிரைச் சின்னத்தை ஒட்டியிருப்பதையும் காண்கிறேன். இளமையின் ஆசைகளை நான் தடுப்பவன் அல்லன். ஆனால், 2020 மார்ச்சில் இந்நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நிகழ்ந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இந்நாட்டின் போக்குவரத்தைத் தாங்கியவர்கள் பழைய வண்டிகளைத் திருத்திய கைவினைஞரே. வன்னிக்கு 1990களில் நேர்ந்தது முழு நாட்டுக்கும் ஒருமுறை நேர்ந்தது. இனி நேராதென்று எவரால் உறுதி கூற முடியும்?

"பழைய ஒஸ்டினைத் திருத்திய கை இன்றைய காரைத் திருத்துமோ? இப்போது எல்லாம் கணினியும் மின்கலமுமாயிற்றே?" என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. கருவி மாறிவிட்டது, எனவே கல்வியும் மாறவேண்டும். அதற்கு வழி இல்லாமலும் இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மோட்டார்த் தொழில்நுட்பத்தையும் பிற தொழில்களையும் கற்பிக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் அவ்வூரிலேயே உள்ளன. உயர்தர வகுப்பிலும் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. கதவுகள் திறந்தே இருக்கின்றன. பிள்ளையின் மனத்தில் அக்கதவைத் தாழ்வானதென்று காட்டிவிட்டவர்கள் ஆசிரியரும் பெற்றோருமே.

இந்தச் சிறு தீவு தானே கார் செய்து உலகோடு போட்டியிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1970களில் உபாலி விஜயவர்த்தன பியட், மஸ்டா கார்களின் பாகங்களை இங்கு பொருத்தி உபாலி என்னும் தம் பெயரோடு விற்றார். அம்முயற்சியும் நீடிக்கவில்லை. பெரிய சந்தையுடைய அவுஸ்திரேலியாவாலேயே தாக்குப்பிடிக்க இயலாதபோது எங்களால் இயலுமென்பது வீண்பேச்சு. செய்ய இயலாததைப் பேணலாம் அன்றோ? பேணத் தெரிந்தவன் இருக்கும்வரை எந்தத் தொழிற்சாலை மூடினாலும் ஊர் நின்றுவிடாது.

இலக்கிய அன்பர்க்கும் இதிற் பங்குண்டு. எங்கள் பாடநூல் பிஸ்டனை முசலம் என்கிறது. முசலம் என்றால் உலக்கை. மேலும் கீழும் இயங்குவதற்கு அது மிகப் பொருத்தமான பெயரே. ஆனால், கராச்சில் ஒருவரும் அச்சொல்லை அறியார். அங்கு வழங்கும் பல்லுச்சில்லு முதலிய நல்ல தமிழ்ச் சொற்களை நாங்களும் அறியோம். தடைக்காலத்தில் அக்கொட்டகைகளிற் பிறந்த சொற்களையும் உத்திகளையும் எவரும் எழுதிவைக்கவில்லை. அவற்றை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். புலவர் ஒருவரின் ஏட்டைச் செல்லரிக்க விட்டதற்காக முன்னோரைக் குறைகூறும் நாம், கண்முன்னே அழியும் இவ்வேட்டைக் காணாதிருப்பது நேர்மையாகுமோ?

ஆகவே ஆசிரிய நண்பர்களை ஒன்று வேண்டுகிறேன். வரும் தவணையில் ஒருநாளாவது உங்கள் மாணவரை அயலிலுள்ள கராச்சுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள மூத்தவர் பேசுவதை அவர்கள் குறிப்பெடுக்கட்டும். சொற்களைத் தொகுக்கட்டும், படம் வரையட்டும். அது தமிழ்ப் பாடத்துக்குரிய வேலையே. அவ்வாறு செல்லும் முப்பது பிள்ளைகளில் ஒருவன் அங்கேயே நின்று தொழில் பழக விரும்புவானாயின், அவனைத் தடுக்காதீர்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யவேண்டாம்.

நான் அடுத்த கிழமை பத்தாம் வகுப்பை அழைத்துச் செல்வதற்கு அதிபரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். வருவதாகக் கராச்காரரிடமும் சொல்லியாயிற்று. "பள்ளிக்கூடப் பிள்ளையள் இஞ்ச வந்து என்னத்தைப் பாக்கப்போகுதுகள், மாஸ்டர்?" என்று அவர் கூச்சத்தோடு கேட்டார். கடைசி வாங்கு மாணவனை அவர்முன் நிறுத்தி, "தம்பி, நீ கேட்டாயே, கருத்தா இல்லாவிட்டால் அந்தப் பெயர் ஆரைக் குறிக்குமென்று, உன் அப்பப்பாவின் ஒஸ்டினுக்குக் கருத்தா இவர்தான்" என்று கூறுவதாய் இருக்கிறேன். இலக்கண நூலார் இதனை ஒப்புவரோ மறுப்பரோ அறியேன். அந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளுமாயின் எனக்கு அது போதும்.